ஞானஸ்நானத்தை ஆற்றில் கழுவியவர்கள்

அன்புள்ள பாப்பா,

லாட்வியாவின் தலைநகர் ரீகாவைச் சுற்றிக் காட்டியவர், ஜெர்மானியர்கள் வருவதற்கு முன் அங்கே வெறும் காடுதான் என்று சொன்னதாகப் போனில் சொன்னாயே, அதை அப்படியே விட எனக்கு மனம் வரவில்லை. 1201இல் பிஷப் ஆல்பெர்ட் அந்த நகரத்தை அமைக்கும் முன்பே அங்கே லிவ் என்ற பூர்வகுடி மக்கள் வாழ்ந்தார்கள், டௌகாவா ஆற்று வழியாக வணிகமும் நடந்தது. அந்த வணிகர்களோடு வந்து இறங்கியவர்தான் மைன்ஹார்ட் என்ற வயதான ஜெர்மானியத் துறவி.

அவர் வாள் எடுத்து வரவில்லை. லிதுவேனியர்கள் வந்து சூறையாடிவிட்டுப் போனதைப் பார்த்து, நான் கல்லில் கோட்டை கட்டித் தருகிறேன், நீங்கள் ஞானஸ்நானம் பெற்றுக்கொள்ளுங்கள் என்றார். லிவ் மக்கள் சரி என்றார்கள். காட்லாந்து தீவிலிருந்து கொத்தனார்கள் வந்து டௌகாவா கரையிலிருந்த இக்ஷ்கிலே என்ற ஊரில் கட்டினார்கள். அக்கம்பக்கத்துச் செமிகால்லியர்களுக்குச் சாந்து வைத்துக் கட்டுவது தெரியாது, அதனால் கப்பல் கயிறுகளைக் கொண்டுவந்து கோட்டையையே ஆற்றுக்குள் இழுத்துவிடலாம் என்று பார்த்தார்களாம்! கோட்டை முடிந்ததும் லிவ் மக்கள் சொன்ன சொல்லிலிருந்து விலகிவிட்டார்கள். ஏற்கெனவே ஞானஸ்நானம் பெற்றவர்கள் டௌகாவாவில் குளித்து அதைக் கழுவி, வந்த ஜெர்மனிக்கே திருப்பி அனுப்பப் பார்த்தார்கள்.

இதையெல்லாம் எழுதி வைத்தவர் ஹென்றி என்ற பாதிரியார், வென்றவர்கள் பக்கத்து ஆள். அவருக்கு இது மூடத்தனம். எனக்கு அப்படித் தோன்றவில்லை, தங்கள் மேல் ஊற்றியதைத் தாங்களே இறக்கி வைக்கலாம் என்று நம்பியவர்களின் தெளிவுதான் எனக்கு அதில் தெரிகிறது. 1198இல் மைன்ஹார்டுக்கு அடுத்து பிஷப்பான பெர்ட்டோல்ட் சிலுவைப்போர்ப் படையோடு வந்து சண்டையில் இறந்தார், ஆனால் படை வயல்களை அழித்ததால் மக்கள் பணிந்து ஞானஸ்நானம் பெற்றார்கள். கப்பல்கள் கிளம்பியதும்? மறுபடியும் ஆற்றில் இறங்கிக் கழுவினார்கள்.

சிலுவைப்போர்க்காரர்கள் பருவத்துக்கு வந்து திரும்பிப் போகிறவர்கள், அதுதான் அந்த ஆட்சியின் ஓட்டை. 1202இல் வாள் சகோதரர்கள் என்ற துறவிப் படையை அங்கேயே நிரந்தரமாக வைத்தபோது ஓட்டை அடைபட்டது. அதன் பிறகு கழுவினாலும் பயனில்லை, படை ஊரிலேயே இருந்தது, விளைச்சலில் பங்கும் வரியும் கேட்டது. வரி வாங்க வந்த அதிகாரிகளின் பேராசையை ஹென்றியே கடிந்து எழுதியிருக்கிறார். 1225இல் போப்பின் தூதராக வந்த மோடெனா பிஷப் வில்லியம், புதிதாக மதம் மாறியவர்கள் மேல் பாரம் ஏற்றாதீர்கள் என்று சொல்ல வேண்டியிருந்தது என்றால் நிலைமையை நீயே யோசித்துப் பார்.

துரைடாவுக்குப் போனால் அங்கே வாழ்ந்த லிவ் தலைவர் கௌபோவைப் பற்றிச் சொல்வார்கள். ரோம் வரை போய்ப் போப் மூன்றாம் இன்னசென்ட்டைப் பார்த்தவர், திரும்பி வந்து 1206இல் தன் கோட்டையைத் தானே தாக்கியவர், 1217இல் எஸ்தோனியர்களோடு நடந்த போரில் சிலுவைப்போர்க்காரர்கள் பக்கம் நின்று இறந்தவர். துரோகி என்று உடனே முடிவுகட்டிவிடாதே, அப்பா சொல்கிறேன். லிதுவேனியர், எஸ்தோனியர், ஜெர்மானியர் என்று மூன்று பக்கமும் நெருக்கும்போது எந்தப் பக்கம் சாய்ந்தால் தன் சனம் பிழைக்கும் என்று அவரும் கணக்குப் போட்டிருப்பார். அப்படியும் லிவ் மொழியைத் தாய்மொழியாகப் பேசிய கடைசிப் பெண்மணி 2013இல் கனடாவில் காலமானார்.

இக்ஷ்கிலேக்கு ரீகாவிலிருந்து ரயில் இருக்கிறது. மைன்ஹார்டின் தேவாலயத்து இடிபாடு இப்போது நீர்த்தேக்கத்தின் நடுவே ஒரு தீவில் நிற்கிறது, பரீட்சை முடிந்ததும் போய்ப் பார். ஸ்வெட்டரை மறக்காதே, அம்மாவுக்கும் ஒரு போன் போடு.

அன்புடன்,
அப்பா