நம் மன்றத்தின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

செயற்குழு வழக்கம்போல் கூடியது. பொங்கல் விழாவும் நூலகத் தூசி தட்டலும் நடந்தன. இரண்டு சொற்பொழிவுகளில் ஒன்று மின்தடையால் பாதியில் நின்றது.

ஆண்டின் முக்கியப் பணி சென்னை எழும்பூர் செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயம், அதாவது கிர்க் (ஸ்காட்லாந்துக்காரர்கள் தேவாலயத்தைச் சொல்லும் பெயர்) பற்றிய வழிகாட்டிக் கையேடு. 'ஒரு சர்ச்சுக்கு இவ்வளவு பக்கமா?' என்று செயற்குழுவிலேயே கேட்கப்பட்டதால் விளக்கம் கடமையாகிறது.

1818 ஏப்ரலில் அடிக்கல். 1821 பிப்ரவரியில் திறப்பு. கட்டியவர் மேஜர் தாமஸ் டி ஹாவிலாண்ட். இலண்டன் செயின்ட் மார்ட்டின் இன் தி ஃபீல்ட்ஸ் ஆலயத்தைப் பின்பற்றியது என்று எல்லோரும் எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். அது முகப்புக்கும் கூர்ங்கோபுரத்துக்குமே பொருந்தும். உள்ளே கூடம் வட்டம். 51½ அடி விட்டக் குவிமாடத்தை உச்சியில் இலை வேலைப்பாடு கொண்ட 16 கொரிந்தியத் தூண்கள் தாங்குகின்றன. நட்சத்திரங்கள் பதித்த நீல விதானத்தைப் படமெடுப்பவர்கள் அது எப்படி நிற்கிறது என்று கேட்பதில்லை. கரையானுக்குப் பயந்து கூரையில் மரம் தவிர்க்கப்பட்டது. செங்கல் மாடத்தின் பாரத்தைக் குறைக்க உள்ளே சுட்ட மண் கூம்புகளை இட்டு நிரப்பினார்கள். கீழே சதுப்பு நிலம். சாதாரண வாணம் தோண்டினால் 166½ அடிக் கோபுரம் சாய்ந்திருக்கும். அதனால் வரிசை வரிசையாகக் கிணறுகளை இறக்கி, அவற்றின் மேல் அஸ்திவாரம் எழுப்பினார்கள். நம் ஊர்க் கிணறு வெட்டுபவர்களின் கைவேலைதான்!

கையேட்டில் அதிக இடம் பிடித்தது சுண்ணாம்புப் பூச்சு. பளிங்குபோல் மின்னும் இந்தப் பூச்சுக்கு மெட்ராஸ் சுண்ணம் என்று பெயர். அதற்கு மூன்று பூச்சு. முதலாவது கிளிஞ்சல் சுண்ணாம்பும் ஆற்று மணலும், வெல்லத்தண்ணீர் விட்டு, அரை அங்குல கனம். அடுத்தது சலித்த சுண்ணாம்பும் நுண்மணலும். இதில் வெல்லம் கூடாது. மூன்றாவதுக்கு நான்கு பங்கு சுண்ணாம்புக்கு ஒரு பங்கு வெள்ளை மணல். வெண்ணெய் போல் அரைத்து, முட்டை வெள்ளைக்கரு, தயிர், நெய் சேர்த்துப் பூசி, வழவழப்பான கல்லால் தேய்க்க வேண்டும். தேய்த்த பிறகும் சுவர் வியர்க்கும். நாள்கணக்கில் துணியால் ஒற்றி எடுக்காவிட்டால் பளபளப்பு வராது. இத்தகைய பழைய சுவரில் விரிசலுக்குச் சிமெண்ட் பூசுவது பெருந்தவறு. ஈரம் வெளியேற வழியின்றி உப்புப் பூக்கும், ஒட்டுப்போட்ட இடத்தைச் சுற்றிப் பழைய காரையும் உரிந்து வரும்.

இவற்றை நேரில் விளக்கிய சனிக்கிழமைகளில் வந்தவர்கள் சிலரே. 'கண்டிப்பா வர்றேன்' என்று வாட்ஸ்அப்பில் கைகூப்பியவர்களின் பட்டியல் அதைவிட நீளம். கையேட்டில் பெயர் விடுபட்டதாக வருந்துவோரில் சிலர் அந்தப் பட்டியலில் இருப்பவர்களே.

வரவு செலவு ஏறக்குறைய ஈடாக உள்ளது. அச்சகத்துக்குச் சிறு பாக்கி உண்டு. சந்தா பாக்கி அதைவிடப் பெரிது. விவரம் பொருளாளரிடம். தணிக்கையாளர், இடமளித்தவர்கள், தேநீர் வழங்கியவர் அனைவருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு செயின்ட் ஜார்ஜ் கோட்டைக்குள் 1680-இல் திறக்கப்பட்ட செயின்ட் மேரீஸ் ஆலயம். குண்டு விழுந்தாலும் தாங்கும்படி வளைவுக் கூரை, நான்கு அடி கனச் சுவர். பார்க்க நிறைய இருக்கிறது. கோட்டை வாசலில் சோதனை உண்டு என்பதால் அடையாள அட்டை வேண்டும், வரக்கூடியவர்கள் மட்டும் பெயர் கொடுக்கவும். இந்தச் செயலாளர் பொறுப்பை இளையவர் யாரேனும் ஏற்க முன்வந்தால் தடையாக நிற்க மாட்டேன். வராவிட்டால் தொடர்வதைத் தவிர வேறு வழியில்லை. எப்படியாயினும், அச்சகத்தார் பழைய பாக்கி தீராமல் புதிய கையேட்டைத் தொட மாட்டார். பொருளாளர் ரசீதுப் புத்தகத்துடன் வாசலருகே அமர்ந்திருக்கிறார். ஜிபே அட்டையும் வைத்திருக்கிறார்.

இப்படிக்கு,
செயலாளர்