கோழி வளர்க்கலாமா என்று கேட்டிருந்தாயே

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் வந்து 15 நாள் ஆகிறது. பதில் எழுத மூன்று முறை உட்கார்ந்தேன். மூன்று முறையும் கோழிகள் எழுப்பிவிட்டன. முதல் தடவை, வேலி தாண்டிப் போன ஒன்றைத் துரத்த. அடுத்த தடவை, மேலே பருந்து வட்டமிட்டதால். மூன்றாவது தடவை எல்லாம் சேர்ந்து கூட்டைத் தூக்குகிற மாதிரி கத்தின. அலறிப் புடைத்துக்கொண்டு ஓடிப்போய்ப் பார்த்தால் ஒரு பிளாஸ்டிக் வாளி கவிழ்ந்து கிடந்தது, அவ்வளவுதான். ஆக, "தோட்டத்தில் நாலு கோழி விடலாமென்று பார்க்கிறேன், என்ன சொல்கிறாய்?" என்ற உன் கேள்விக்கு உடனடி பதில்: விடலாம், ஆனால் நிம்மதியாக உட்கார்ந்து கடிதம் எழுத முடியாது.

முட்டிவலி தேவலை என்று எழுதியிருந்தாய். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனாலும் கூட்டை இடுப்பு உயரத்துக்கு வைத்துக் கட்டச் சொல். நான் அதைச் செய்யாமல் விட்டேன். 6 வருடமாகத் தவழ்ந்துதான் முட்டை எடுக்கிறேன். தவழும்போது முதுகில் ஒரு கோழி ஏறி நின்றுகொள்ளும். இறங்கு என்றால் இறங்காது.

என்னிடம் இப்போது 6 இருக்கின்றன. செவலை, கருப்பி, புள்ளி, இன்னும் பெயர் வைக்காத இரண்டு விடைக்கோழிகள் (இளம் பெட்டைகள்), அப்புறம் கிழவி. கிழவியைப் பற்றிப் பிறகு வருகிறேன். உனக்கு நான் சொல்ல நினைப்பதே அவளை வைத்துத்தான்.

முட்டையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். கோழி எழுந்த அந்தக் கணத்தில் கையை நீட்டி எடுத்தால் முட்டை ஈரமாக மினுங்கும். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தப் பளபளப்பு ஓர் ஓரத்திலிருந்து மங்கிக்கொண்டே வந்து காய்ந்துவிடும். நான் இதைப் பார்ப்பதற்காகவே பல காலைகள் கூட்டருகே காத்திருந்திருக்கிறேன், வீட்டில் இருப்பவர்கள் என்னை என்ன நினைத்தாலும் சரி. அந்த மெல்லிய பூச்சுதான் ஓட்டிலிருக்கும் நுண்துளைகளை மூடிக் கிருமி நுழையாமல் காக்கிறது. அதனால் எடுத்த உடனே கழுவிவிடாதே. அழுக்கு ஒட்டியிருந்தால் உலர்ந்த துணியால் துடை. ரொம்ப அழுக்காக இருந்தால் அன்றைக்கே சமைத்துவிடு.

தினமும் முட்டை கிடைக்குமா என்று கேட்டிருந்தாய். கிடைக்காது. ஒரு முட்டை உருவாக 24 முதல் 26 மணி நேரம் பிடிக்கும். அதில் 20 மணி நேரம் போல ஓடு கட்டுவதற்கே போய்விடும். இன்றைக்குக் காலை 8 மணிக்கு இட்டால் நாளைக்கு 9, அதற்கு மறுநாள் 10 என்று தள்ளிக்கொண்டே போகும். பிற்பகல் வரை தள்ளியதும் ஒரு நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு மறுபடி காலையில் தொடங்கும். செவலை இந்தக் கணக்கைத் தவறுவதே இல்லை. புள்ளிக்கு எந்தக் கணக்கும் கிடையாது. பகல் வெளிச்சம் 14 மணி நேரத்துக்குக் கீழே குறையும்போதும் முட்டை குறையும். இறகு உதிர்க்கும் காலத்தில் அடியோடு நின்றுவிடும், ஏனென்றால் இறகு முழுக்கப் புரதம். சாப்பிடுவதெல்லாம் புது இறகுக்கே போய்விடும். இரண்டு மூன்று மாதத்துக்குக் கோழி பழைய தலையணை மாதிரி ஆகிவிடும். நான் முதல் தடவை பார்த்துவிட்டு ஏதோ பெருவியாதி என்று அழாத குறை.

சேவல் வேண்டாம். முட்டைக்குச் சேவல் தேவையே இல்லை, குஞ்சுக்குத்தான் தேவை. நான் முதலில் வாங்கிய 5 குஞ்சும் பெட்டை என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். நாலாவது மாதம் அதில் ஒன்று கழுத்தை நீட்டிக் கூவியது. விடிவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே தொடங்கிவிடும். பக்கத்து வீட்டார் பேச்சை நிறுத்திவிட்டார்கள். ஒருவழியாக அதை ஒருவருக்குக் கொடுத்துவிட்ட மறுவாரம் அவர்களே வந்து பேசினார்கள், பேச்சோடு பேச்சாக முட்டை இருக்கிறதா என்றும் கேட்டார்கள்.

தோட்டத்தைப் பொறுத்தவரை உன் கனவைக் கொஞ்சம் கலைக்க வேண்டியிருக்கிறது. பசுமையான பாத்திகளுக்கு நடுவே கோழி மேய்கிற படங்களை நம்பாதே, அந்தப் படம் எடுத்த மறுநிமிடம் பாத்தி இருந்திருக்காது. கோழிக்கு மண் கண்ட இடமெல்லாம் சீய்க்க வேண்டும். அதிலும் நீ விதை போட்டுச் சலித்துப் பரப்பிய பொடிமண் என்றால் கொண்டாட்டம். குழி பறித்து, படுத்து, புரண்டு, மண்ணை இறகுக்குள் அள்ளிப் போட்டுக்கொண்டு, கண் சொருகிக் கிடக்கும். அது அதற்குக் குளியல். பேனும் செள்ளும் அண்டாமல் இருக்க அவசியமானதும்கூட, அதனால் தடுக்கவும் கூடாது. ஒரு மூலையில் மணலும் சாம்பலும் கலந்து தனியாகக் கொட்டி வை. கோழிகளைச் சுற்றி வேலி போடுவதைவிடப் பாத்திகளைச் சுற்றி வேலி போடுவது சுலபம், இதைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு வருடம் ஆயிற்று. அறுவடை முடிந்த பாத்தியில் திறந்துவிட்டால் மட்டும் அவை செய்யும் வேலை தங்கம். புழு, களைவிதை, நத்தைக்குஞ்சு ஒன்று மிஞ்சாது.

எச்சம் நல்ல உரம்தான், ஆனால் பச்சையாகப் போட்டுவிடாதே. தழைச்சத்து அவ்வளவு அதிகம். அவசரப்பட்டு எட்டு கத்தரிக்கன்றுக்குப் போட்டேன், எட்டும் ஒரே வாரத்தில் கருகின. காய்ந்த இலையோடு சேர்த்துச் சில மாதம் மக்கவைத்துப் பிறகு போடு.

வியாதி விஷயத்தில் நீண்ட பாடம் நடத்தப்போவதில்லை. வெள்ளைக்கழிச்சலுக்குக் குஞ்சிலேயே, முதல் வாரத்தில், கண்ணிலோ மூக்கிலோ சொட்டு மருந்து விட்டுவிட வேண்டும். அடுத்த தவணைகளைக் கால்நடை மருத்துவர் சொல்லுவார். அந்த நோய் வந்தபின் மருந்து கிடையாது. செள்ளுக்கு மட்டும் ஒரு குறிப்பு: பகலில் தேடினால் கிடைக்காது. இரவில் டார்ச்சோடு போய், கோழி உட்காரும் கட்டையின் அடிப்பக்கத்து இடுக்கைப் பார். இரத்தம் குடித்துச் சிவந்த பொடிப்பொடியாக ஊர்ந்துகொண்டிருந்தால் கட்டையையே கழற்றிச் சுத்தம் செய். வெயில் காலத்தில் தண்ணீரை நிழலில் வை, இரண்டு இடத்தில் வை. கோழிக்கு வியர்க்காது. வாயைத் திறந்து மூச்சிரைத்துக்கொண்டு, அக்குளில் காற்றுப் பட இறக்கையை அகட்டி நிற்கும். அப்படி நின்றால் அதற்குத் தாங்கவில்லை என்று அர்த்தம்.

போன வருடம் கருப்பி அடைக்கு உட்கார்ந்தது. கையை நீட்டினால் இறகெல்லாம் சிலிர்த்துக் கொத்த வந்தது. சரி, ஆசைப்படுகிறதே என்று தெரிந்தவரிடம் சேவல் சேர்ந்த முட்டை 11 வாங்கி வைத்தேன். 21 நாள். நாளுக்கு ஒரே ஒரு முறை, கால் மணி நேரம் எழுந்து வந்து, அவசர அவசரமாகத் தின்று, குடித்து, மறுபடி ஓடிவிடும். 20ஆம் நாள் இரவு கூட்டருகே காதை வைத்தேன். முட்டைக்குள்ளிருந்து 'கீச்' என்றது. கருப்பி அடித்தொண்டையில், நான் அதுவரை கேட்டிராத மெல்லிய குரலில், பதில் சொன்னது. ஓடு உடையுமுன்பே பேச்சுவார்த்தை தொடங்கிவிடுகிறது! அன்றிரவு நான் தூங்கவில்லை.

எட்டு பொரிந்தன, மூன்று கூமுட்டை. கோழி மிதித்துக் குஞ்சு சாகுமா என்று நாமெல்லாம் எத்தனை தடவை சொல்லியிருப்போம். சாகும், தோழி. மூன்றாம் நாள் ஒன்று செத்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே. கருப்பி ஒன்றும் அறியாமல் மற்றவற்றைக் கூப்பிட்டுக்கொண்டே நகர்ந்து போயிற்று. மிச்சம் ஏழில் நாலு சேவல். இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை: குஞ்சு பொரித்தால் பாதி சேவலாகத்தான் இருக்கும், அவற்றுக்கு ஒரு வழி நீதான் பார்க்க வேண்டும். நாலுக்கும் இடம் தேடி நான் அலைந்ததை இங்கே எழுதினால் தாள் போதாது. பெட்டையில் ஒன்றைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தேன். மற்ற இரண்டும்தான் இப்போதைய விடைக்கோழிகள்.

இனி கிழவி.

முதலில் வாங்கிய நாலு பெட்டையில் அவள் ஒருத்திதான் மிச்சம். இரண்டாவது வருடம் ஒரு நாள் மாலை வீட்டுக்கு விருந்தாளிகள் வந்திருந்தார்கள். பேச்சு, சிரிப்பு, சாப்பாடு. கூட்டின் தாழ்ப்பாளைப் போட மறந்துவிட்டேன். மறந்துவிட்டேன் என்பதுகூட இல்லை, நடுவில் ஒருமுறை நினைவு வந்தது, அப்புறம் போய்ப் போடலாம் என்று உட்கார்ந்திருந்தேன். காலையில் வாசலிலிருந்தே இறகு தெரிந்தது. மூன்று போயிருந்தன. மரநாயாக இருக்கும் என்றார்கள். மேல் கட்டையின் கோடியில், சுவரோடு ஒட்டிக்கொண்டு, இவள் மட்டும் உட்கார்ந்திருந்தாள். நண்பகல்வரை இறங்கி வரவில்லை. அதன்பின் கூட்டை மாற்றிக் கட்டினேன். மெல்லிசான கோழி வலை கோழியை உள்ளே வைக்கத்தான் உதவும், வெளியிலிருந்து வருவதைத் தடுக்காது. கெட்டியான வெல்டிங் வலை வாங்கு, அரை அங்குலக் கண் உள்ளதாக. ஓரடி ஆழத்துக்கு மண்ணுக்குள்ளும் இறக்கு, தோண்டி வருபவை உண்டு.

பிறகு செவலை, கருப்பி, புள்ளியை வாங்கி விட்டபோது, அந்த அரண்டுபோனவள்தான் மூன்றையும் கொத்தி இரத்தம் வரவைத்தாள். கோழிக் கூட்டத்தில் யார் யாரைக் கொத்தலாம் என்று ஒரு வரிசை இருப்பதை 1921இல் எழுதிவைத்தவர் நார்வேக்காரர் ஷெல்டெரூப்-எப்பே. சிறுவயதிலிருந்தே கோழிகளைக் கவனித்துக் குறிப்பெழுதியவராம். எனக்கு அது ஒரே நாளில் விளங்கிவிட்டது. புதிதாக விட்டால் இரண்டு வாரம் நடுவில் வலை வைத்து, ஒன்றையொன்று பார்க்க மட்டும் விடு.

இப்போது அவள் முட்டையிடுவதில்லை. முதல் இரண்டு வருடம்தான் நன்றாக இட்டாள். அப்புறம் குறைந்தது, கடைசியாக இட்டது போன மாசியில், ஓடு சொரசொரவென்று. ஆனால் நாளுக்கு 100 கிராம் தீனி மற்றவற்றைப் போலவே அவளுக்கும் உண்டு. வீட்டில் கேட்கிறார்கள், எதற்கு இன்னும் என்று. கேள்வி நியாயமானதுதான். காட்டுக்கோழி வருடத்துக்கு 10, 15 முட்டைதான் இடும், அதுவும் குஞ்சுக்காக. நாம் அதைப் பொறுக்கிப் பொறுக்கி வளர்த்து 300 வரை இடுகிற இனங்களை உண்டாக்கிவிட்டோம். முட்டை ஓய்ந்த பிறகும் கோழி நாலைந்து வருடம் இருக்கும். அந்த நாலைந்து வருடத்துக்கு என்ன செய்வாய் என்று, முதல் குஞ்சு வாங்குமுன்பே, வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பேசிவிடு. சமைப்பது என்று முடிவானாலும் தப்பில்லை, நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பெயர் வைத்த பிறகு பேசினால் வீட்டில் சண்டை வரும். இங்கே வந்தது.

கிழவி இருக்கட்டும் என்று நான்தான் பிடிவாதம் பிடித்தேன். வானத்தில் பருந்து வந்தால் முதலில் குரல் கொடுப்பவள் அவள்தான். பூனைக்கு ஒரு குரல், பருந்துக்கு வேறு குரல், எனக்கே இப்போது வித்தியாசம் தெரியும். விடைக்கோழிகள் இரண்டும் அந்தி சாய்ந்தும் கூட்டுக்குப் போகத் தெரியாமல் வேலிமேல் உட்கார்ந்திருந்த நாட்களில், அவள் பின்னால் போய்த்தான் ஏணி ஏறக் கற்றுக்கொண்டன.

கோழி அடைகிற நேரம் ஆகிவிட்டது. ஜன்னல் வழியே பார்க்கிறேன். ஐந்தும் ஏறிவிட்டன. கிழவி ஏணியின் முதல் படியில் ஒரு காலை வைத்துவிட்டு யோசித்துக்கொண்டிருக்கிறாள். இந்த வாரம் மூன்றாவது நாளாக. போய்த் தூக்கி மேலே வைத்துவிட்டு, தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு வருகிறேன். மீதியை அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன்.

அன்புடன்,
உன் பழைய பக்கத்து பெஞ்சுக்காரி