வார்டில் ஒரு ஸ்டூல் போடுங்கள்

இந்திய நர்சிங் கவுன்சிலுக்கும் தமிழ்நாட்டு நர்சிங் கல்லூரி முதல்வர்களுக்கும்,

வணக்கம். 22 ஆண்டுகளாக வார்டில் வேலை பார்க்கும் செவிலியர் நான். நர்சிங் படிக்கும் மாற்றுத்திறனாளி மாணவிகளின் வார்டுப் பயிற்சி பற்றி எழுதுகிறேன்.

சென்ற ஆண்டு எங்கள் அறுவைச் சிகிச்சை வார்டுக்குப் பயிற்சிக்கு வந்த ஒரு மாணவி இடக்காலில் காலிப்பர் என்ற தாங்குசட்டம் அணிந்திருந்தார். அதோடு சேர்த்துத் தைத்த ஷூ கறுப்பு. சீருடைக்கு வெள்ளை ஷூதான் என்று சொல்லிவிட்டதால், தினமும் காலையில் அதன்மேல் வெள்ளைப் பாலிஷ் பூசிக்கொண்டு வருவார். மதியத்துக்குள் அது வெடித்து உதிரும். எந்தெந்தக் கட்டிலுக்குப் போய் வந்தார் என்று தரையைப் பார்த்தே சொல்லிவிடலாம். கைக்கடிகாரத்தைப் பார்த்து டிரிப் சொட்டுகளை அவரளவு கவனமாக எண்ணிச் சரிசெய்தவர் அந்தக் குழுவில் வேறு யாரும் இல்லை. ஆனால் அவருடைய மதிப்பீட்டுத் தாளில் ஏறியது, ‘நீண்ட நேரம் நிற்க முடிவதில்லை’ என்ற ஒரு வரிதான்.

மாணவிகள் வார்டில் உட்காரக் கூடாது என்ற வழக்கத்தால் நோயாளிக்கு என்ன நன்மை என்று இதுவரை யாரும் எனக்குச் சொன்னதில்லை. உட்கார்ந்து சார்ட் எழுதினால் எழுத்து தப்பாகிவிடுமா? ‘நோயாளியைத் தூக்க முடியுமா?’ என்றும் அவரிடம் கேட்டார்கள். தனியாளாகத் தூக்குவதே தவறு. இரண்டு கால்களும் நன்றாக இருந்தவர்கள் அப்படித் தூக்கித்தான் இடுப்பைக் கெடுத்துக்கொண்டோம்.

பி.எஸ்சி. நர்சிங்கில், காலில் 40 முதல் 50 சதவீதம் வரை இயக்கக் குறைபாடு உள்ளவர்களுக்குக் கவுன்சில் 5 சதவீத இடம் ஒதுக்கியிருக்கிறது. சேர்த்துக்கொண்ட பிறகு வார்டில் அவர்களுக்கு யார் பொறுப்பு? ஒவ்வொரு மாணவரின் தேவைக்கேற்ப நியாயமான வசதிகளைச் செய்து தர வேண்டும் என்கிறது 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 16-ஆம் பிரிவு. கல்லூரி வாசலில் சாய்தளம் கட்டியதோடு அந்தக் கடமை தீர்ந்துவிடவில்லை. குறைபாட்டின் சதவீதத்தை மட்டும் வைத்து எம்.பி.பி.எஸ். இடத்தை மறுக்கக் கூடாது, விண்ணப்பித்தவரால் என்ன முடியும் என்று பார்க்க வேண்டும் என்று 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. நர்சிங்குக்கு மட்டும் இன்னும் ஏன் இந்த 40, 50 கணக்கு?

ஒவ்வொரு வார்டுப் பயிற்சி போஸ்டிங்குக்கும் முன்பு மாணவி, ஆசிரியை, வார்டு சிஸ்டர் மூவரும் அரை மணி நேரம் உட்கார்ந்து பேசி, தேவையானதை எழுதிக் கையெழுத்திட வேண்டும் என்று உத்தரவிடுங்கள். லிஃப்ட்டுக்குப் பக்கத்து வார்டு, ஒரு ஸ்டூல், உயரத்தை ஏற்றி இறக்கும் கட்டில், தூக்கும்போது துணைக்கு இன்னொருவர்: பெரும்பாலும் இவ்வளவுதான் கேட்பார்கள். உடல்நிலையால் விட்டுப்போன நாட்களுக்கு ஆண்டு முழுவதையும் திரும்பப் படிக்க வைக்காமல், அந்த மணி நேரங்களை மட்டும் ஈடுசெய்ய விடுங்கள்.

ஷூ நிற விதியை நாளைக் காலையிலேயே மாற்றிவிடலாம். அதற்குக் கூட்டம்கூடத் தேவையில்லை.

இப்படிக்கு,
ஒரு வார்டு செவிலியர்