இணைப்புச் சக்கர ஸ்கூட்டர்: நடுச் சக்கரத்தைச் சோதியுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பின் சக்கரத்தின் இருபுறமும் கூடுதல் சக்கரம் பொருத்தி மாற்றுத்திறனாளிகள் ஓட்டும் இணைப்புச் சக்கர ஸ்கூட்டர்களுக்கு ஒப்புதல் தரும் முறை பற்றி எழுதுகிறேன்.

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம், உடல் குறைபாடு உள்ளவருக்கென்றே தனியாக வடிவமைத்துக் கட்டிய வண்டியைத்தான் முதலில் ஏற்றது. வெறுமனே மாற்றியமைத்த வண்டி அந்த வரையறைக்குள் வராது என்றும் அதிலேயே எழுதியிருந்தது. 2019 திருத்தம் அதை மாற்றியது. கடையில் வாங்கிய வண்டியையும் மாற்றியமைத்து, பிறகு பதிவு அதிகாரியின் ஒப்புதலைப் பெறலாம் என்று 52-ஆவது பிரிவு இப்போது சொல்கிறது. மனமார வரவேற்க வேண்டிய திருத்தம் இது. ஆனால் ஒப்புதல் என்பது காகிதத்தைப் பார்த்து முத்திரை வைப்பதோடு நின்றுவிடக் கூடாது. வண்டியில் ஆளை உட்காரவைத்துப் பார்க்க வேண்டும்.

ஏனென்றால், கியர் இல்லாத ஸ்கூட்டரில் எஞ்சினின் இழுவையும் பின் பிரேக்கும் நடுவில் உள்ள பின் சக்கரத்தில்தான் இருக்கின்றன. பக்கத்துச் சக்கரங்கள் பெரும்பாலும் சும்மா உருள்பவை, பிரேக் கிடையாது. ஸ்பிரிங் இல்லாமல் இரும்புச் சட்டத்தை நேரடியாக சேஸிஸில் (வண்டியின் அடிச்சட்டத்தில்) இறுக்கிவிட்டால், பின்பக்கம் விழும் எடையில் பெரும்பகுதி அந்த இரண்டு சக்கரங்களுக்குப் போய்விடும். சாலையில் சிறு பள்ளம் வந்தாலும் நடுச் சக்கரம் தரையைச் சரியாகத் தொடாது. ஆக்ஸிலரேட்டரைத் திருகினால் டயர் வெறுமனே சுற்றும், பின் பிரேக்கைப் பிடித்தால் வண்டி நிற்காமல் வழுக்கும். மழை நாளில் இது உயிருக்கு ஆபத்து.

இதைக் கண்டுபிடிக்க எந்தக் கருவியும் தேவையில்லை. சமதளத்தில் வண்டியை நிறுத்தி, எஞ்சினை அணைத்து, ஓட்டுபவரை உட்காரச் சொல்லுங்கள். ஒரு பக்கச் சக்கரத்தின் அடியில் இரண்டு அங்குலப் பலகை வையுங்கள். பிறகு நடுச் சக்கரத்தைக் கையால் சுற்றிப் பாருங்கள். தாராளமாகச் சுற்றினால் பொருத்தியது தவறு. இருபுறமும் தனித்தனி ஷாக் அப்சார்பரோடு பொருத்தியிருந்தால் சுற்றாது. அடுத்த பக்கத்திலும் இதையே செய்ய வேண்டும்.

இரண்டாவது, வெல்டிங். இரும்புச் சட்டத்தை சேஸிஸ் குழாயோடு பற்றவைத்தால், சூடுபட்ட இடத்தை ஒட்டி நாளடைவில் விரிசல் விடலாம். மேலே பெயின்ட் அடித்திருப்பதால் கண்ணுக்குத் தெரியாது. குழாயைச் சுற்றிப் பிடிக்கும் யூ கிளாம்ப்பும், அதிர்வில் எளிதில் தளராத நைலாக் நட்டும் போட்டு முடுக்குவதே நல்லது. கழற்றிப் பார்க்கலாம், தளர்ந்தால் மறுபடி முடுக்கலாம். புதிதாகப் பொருத்திய சில நாட்களில் எல்லா போல்ட்டுகளையும் ஒருமுறை முடுக்கிவிட வேண்டும்.

இரவில் பின்னால் வரும் லாரி ஓட்டுநருக்கு நடுவில் ஒரே ஒரு சிவப்பு விளக்குதான் தெரியும். அதை ஒற்றை ஸ்கூட்டர் என்று கணக்கிட்டு ஒதுங்குவார். ஆனால் வண்டி இருபுறமும் அகன்றிருக்கிறது. எனவே இரண்டு மட்கார்டின் வெளி விளிம்பிலும் சிவப்பு ரிஃப்ளெக்டர் இல்லாத வண்டிக்கு ஒப்புதல் தரவே கூடாது. சில ரூபாயில் முடிகிற காரியம் இது.

பட்டறையில் மாட்டிவிட்டு, ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குப் போகாமலே இருந்துவிடும் பழக்கத்தையும் விட வேண்டும். விதிப்படி இல்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் அதே மோட்டார் வாகனச் சட்டத்தின் 182ஏ பிரிவில் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே உண்டு. ஆர்.சி.யில் மாற்றம் பதிவாகியிருந்தால்தான் இன்சூரன்ஸில் சொந்தச் சேதத்துக்கான பிரீமியத்தில் சலுகை கேட்கவும் முடியும். புது வண்டிக்குத் தற்காலிகப் பதிவு கொடுத்து, மாற்றியமைத்த பிறகு நிரந்தரப் பதிவு செய்ய வழிவிடும் வரைவு விதியை 2022-இல் மத்தியச் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் வெளியிட்டது. அந்த வழி ஒவ்வொரு ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் நடைமுறையில் இருக்க வேண்டும். நிரந்தரப் பதிவு முடிந்த வண்டியைப் பிரித்து, மாட்டி, மறுபடி ஆய்வுக்குக் கொண்டுபோவது நடக்க முடியாதவருக்கு எவ்வளவு பெரிய அலைச்சல்!

பட்டறைக்காரர்களுக்கும் ஒரு வழி வேண்டும். ஒரு மாடலுக்கான இணைப்புச் சக்கர செட்டை சென்னை அருகே ஒரகடத்தில் உள்ள வாகன ஆராய்ச்சி மையத்தில் ஒருமுறை சோதித்து, அதன் இரும்புச் சட்டத்தில் எண் பொறித்துவிட்டால், ஆய்வாளர் எண்ணைச் சரிபார்த்து, மேலே சொன்ன பலகைச் சோதனையை மட்டும் செய்தால் போதும். ஒரு கை மட்டும் இயங்குபவர் போன்றோருக்குத் தனியாகச் செய்ய வேண்டிய மாற்றங்களை இந்த முறைக்குள் அடைக்கக் கூடாது. அவற்றுக்கு வரைபடம் வாங்கி, வண்டிக்கு வண்டி பார்த்து அனுமதி தர வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு ஸ்கூட்டர் மெக்கானிக்,
மதுரை.