கத்தரிக்கோல் செய்தி போதும், ஒட்டும் வேலையைப் பற்றியும் எழுதுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

போன ஞாயிறு அறிவியல் பக்கத்தில் வந்த மரபணுத் திருத்தக் கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். மரபணுவை வெட்டித் திருத்தும் கருவியான கிரிஸ்பர் வந்த கதை, 2020 நோபல் எல்லாம் நன்றாகவே இருந்தது. ஒரே ஒரு வரிதான் உறுத்தியது: கணினியில் கட் பண்ணி பேஸ்ட் பண்ணுவது மாதிரிதான் இதுவும் என்று. கட் சரி. பேஸ்ட்டில்தான் வம்பே. ஆய்வகத்தில் நான்கு வருடம் அந்த பேஸ்ட்டோடு மல்லுக்கட்டியவன் நான், அதனால் கடிதம் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

டிஎன்ஏ என்பது வேதியியல் எழுத்துகள் வரிசையாகக் கோத்த இரட்டை இழை. கிரிஸ்பரின் கத்தரிக்கோலான காஸ்9 நொதி, 20 எழுத்து முகவரி கொண்ட வழிகாட்டி ஆர்என்ஏவைப் பிடித்துக்கொண்டு, 300 கோடி எழுத்துகளுக்குள் தன் இடத்தைத் தேடிப் போய் இரண்டு இழைகளையும் வெட்டும். அதோடு அதன் வேலை முடிந்தது. பிறகு நடப்பதெல்லாம் செல்லின் இஷ்டம். அறுந்த குரோமோசோம் என்றாலே செல்லுக்குப் பதற்றம். இரண்டு முனைகளையும் கிடைத்தபடி இழுத்து முடிச்சுப் போட்டுவிடும், நாலு எழுத்து தொலைந்தாலும் கவலைப்படாது. நாம் பக்கத்தில் புது டிஎன்ஏ துண்டு ஒன்றை வைத்து, இதைப் பார்த்து நிரப்பு என்று கேட்டுப் பார்க்கலாம். ஆனால் பிரியத் தயாராகிக்கொண்டிருக்கும் செல்தான் பெரும்பாலும் அதைக் காதில் போட்டுக்கொள்ளும். நரம்பு செல்லும் இதயத் தசை செல்லும் பிரிவதை நிறுத்தி வெகுகாலம் ஆகிவிட்டது. துண்டு நீள நீள இருக்கிற வாய்ப்பும் தேய்ந்துகொண்டே போகும்.

2023 இறுதியில் பிரிட்டனிலும் அடுத்து அமெரிக்காவிலும் ஒப்புதல் பெற்ற முதல் கிரிஸ்பர் மருந்து காஸ்ஜெவியையே எடுத்துக்கொள்ளுங்கள். ஹீமோகுளோபின் மரபணு பழுதாவதால் வரும் அரிவாள் செல் என்ற ரத்த நோய்க்கானது. அதில் நல்ல ஹீமோகுளோபின் மரபணு எதையும் உள்ளே வைக்கவில்லை. கருவில் இருக்கும்போது ஓடிய ஹீமோகுளோபினைப் பிறந்த பிறகு அடக்கி வைக்கிற பிசிஎல்11ஏ என்ற மரபணு இருக்கிறது, ரத்த செல்களில் அதை இயக்கும் பகுதியை வெட்டிக் கெடுத்தார்கள். பழைய ஹீமோகுளோபின் திரும்ப வந்தது. சாமர்த்தியமான வேலைதான், மறுக்கவில்லை. ஆனால் கெடுத்துச் சரிசெய்கிற வசதி எல்லா நோய்க்கும் வாய்க்காது.

நுரையீரலில் கெட்டிச் சளி அடைக்கும் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற பரம்பரை நோயில் பழுதாவது சிஎஃப்டிஆர் என்ற ஒரே மரபணு. அதில் 2,000க்கு மேற்பட்ட மாற்றங்கள் பதிவாகியிருக்கின்றன. எல்லாமே நோய் தருபவை இல்லை, நூற்றுக்கணக்கானவை தருகின்றன. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக ஒரு எழுத்துத் திருத்தம் தயாரித்துக்கொண்டிருந்தால் எப்போது முடிவது? அதற்குப் பதிலாக, சரியான பிரதி ஒன்றை, சுமார் 4,400 எழுத்து, அந்த மரபணுவின் தொடக்கத்திலேயே செருகிவிட்டால் ஏறக்குறைய எல்லாருக்கும் ஒரே மருந்து போதும். நீளமான துண்டைச் செருகுவதற்கு இத்தனை பேர் உயிரைக் கொடுப்பது இதற்காகத்தான்.

வைரஸில் ஏற்றி அனுப்பிவிடலாமே என்று கேட்பீர்கள். அதிகம் பயன்படும் ஏஏவி வைரஸுக்குள் சுமார் 4,700 எழுத்துதான் அடங்கும். தசைச் சிதைவு நோயில் தேவைப்படும் டிஸ்ட்ரோஃபின் புரதத்தின் குறிப்பு மட்டும் 11,000 எழுத்து. குரோமோசோமுக்குள்ளேயே தன்னைச் செருகிக்கொள்ளும் ரெட்ரோவைரஸ் இன்னும் கொஞ்சம் தாங்கும், ஆனால் எங்கே போய் உட்காரும் என்று சொல்ல முடியாது. பிரான்சில் நோய் எதிர்ப்பு சக்தியே இல்லாமல் பிறந்த குழந்தைகளுக்கு அப்படிச் சிகிச்சை கொடுத்ததில், எல்எம்ஓ2 என்ற மரபணுவின் பக்கத்தில் அது போய் உட்கார்ந்து, சிலருக்கு ரத்தப் புற்றுநோயே வந்துவிட்டது.

நான் பட்ட பாட்டையும் சொல்லிவிடுகிறேன். ஒருமுறை செருகிய துண்டின் இடப்பக்க இணைப்பை, டிஎன்ஏவைப் பிரதி எடுக்கும் பிசிஆர் முறையில் பெருக்கி, நீளவாரியாகப் பிரித்துக் காட்டும் ஜெல்லில் ஓட்டினேன், எதிர்பார்த்த இடத்தில் பளிச்சென்று பட்டை. அன்று ராத்திரி நிம்மதியாகத் தூங்கினேன். மறுநாள் வலப்பக்க இணைப்பைப் பார்த்தால் ஒன்றுமே இல்லை. எழுத்தெழுத்தாக வாசித்த பிறகுதான் தெரிந்தது, துண்டில் பாதிதான் ஏறியிருக்கிறது, கூடவே துண்டைச் சுமந்து வந்த வட்ட டிஎன்ஏவான பிளாஸ்மிடின் வேண்டாத பகுதியும் ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது. முழு நீளத்தையும் ஒரே தடவையில் பெருக்கிப் பார்த்தாலும் ஏமாறலாம்; துண்டு ஏறாத குட்டைப் பிரதி முந்திக்கொண்டு பெருகி, நீளமானதை மங்கலாக்கிவிடும். அதனால் யாராவது செருகிவிட்டோம் என்றால், இரண்டு முனையும் பார்த்தீர்களா என்பதுதான் என் முதல் கேள்வி.

இப்போது நிலைமை மாறிக்கொண்டிருக்கிறது, உங்கள் கட்டுரையில் காணாமல் போனது இதுதான். 2019இல் வந்த பிரைம் எடிட்டிங் இரண்டு இழைகளையும் ஒருசேர வெட்டாமல் சில பத்து எழுத்துகளை எழுதும். அதை வைத்து முதலில் ஒரு சின்ன இறங்குதளம் எழுதிவிடுகிறார்கள். அப்புறம் பிஎக்ஸ்பி1 என்ற இன்டக்ரேஸ், அதாவது டிஎன்ஏவைச் செருகும் நொதி, வந்து பெரிய துண்டை அங்கே இறக்குகிறது. அது பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸிலிருந்து எடுத்தது, பாக்டீரியா குரோமோசோமில் தன் வைரஸைச் செருகுவதே அதன் பிழைப்பு. அறுத்தாலும் முனைகளைக் கைவிடாமல் தானே ஒட்டும், செல்லின் தயவு தேவையில்லை. 2022இல் இந்த வழியில் சுமார் 36,000 எழுத்து வரை செருகிக் காட்டினார்கள். இன்னொரு பக்கம், கிரிஸ்பரைச் சேர்த்துக்கொண்டு தாவும் பாக்டீரியா டிரான்ஸ்போசான்கள், அதாவது இடம்விட்டு இடம் தாவும் டிஎன்ஏ துண்டுகள். மனித செல்லில் இவை முதலில் பெயருக்குத்தான் வேலை செய்தன. ஆய்வகத்திலேயே நொதியைப் பல தலைமுறை பரிணமிக்க விட்டு, 2025இல் செருகும் திறனை 10 முதல் 30 சதவீதம் வரை கொண்டுவந்தார்கள்.

அதுவும் வளர்ப்புத் தட்டில் சுலபமாக வளரும் செல்களில். உடம்புக்குள் வேறு கதை. வெளியிலிருந்து வரும் வெற்று டிஎன்ஏவைக் கண்டால் செல் அதை வைரஸ் என்றே எடுத்துக்கொள்ளும், எச்சரிக்கை மணி அடித்துச் செத்தும் போகும். நொதி எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தாலும் ஒட்ட வேண்டிய துண்டை உயிரோடு கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டுமே, என்னைக் கேட்டால் இப்போது மாட்டிக்கொண்டு நிற்பது அங்கேதான்.

ஆகவே ஒரு வேண்டுகோள். அடுத்த தடவை இப்படிச் செய்தி வந்தால் மூன்று விவரம் கேட்டுப் போடுங்கள்: எத்தனை எழுத்து, எந்த செல், 100 செல்லில் எத்தனையில். 2025இல் அமெரிக்காவில் அபூர்வ கல்லீரல் நோயோடு பிறந்த ஒரு குழந்தைக்கென்றே தனியாகத் தயாரித்த சிகிச்சை பற்றி, மரபணுவையே மாற்றிவிட்டார்கள் என்று தலைப்புப் போட்டிருந்தீர்கள். அங்கே திருத்த முயன்றது ஒரே ஒரு எழுத்தை.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகன்