உன் இன்ஸ்பெக்டர தனியா உக்கார வைக்காத தம்பி

அன்புள்ள தம்பி,

நீ வரைஞ்சு அனுப்புன துப்பறியும் காமிக்ஸ் பிடிஎஃப்ப ராத்திரியே படிச்சு முடிச்சுட்டேன். கோடு பிரமாதம், சும்மா சொல்லல, காசிமேட்டுல ஐஸ் பார் உடைக்கிறவரோட கைய போட்டிருக்க பாரு, புறங்கை நரம்பு வரைக்கும் தெரியுது, அதெல்லாம் அங்க போய் உக்காந்து பாக்காம வராது. உன் இன்ஸ்பெக்டர் தான் எனக்கு ஒட்டவே இல்ல.

பொண்டாட்டிய கொன்னுட்டாங்க, சரி. அதுக்கப்புறம் அந்தாளு இருட்டு ரூம்ல தனியா உக்காந்து சிகரெட்டு புடிக்கிறான், ஜன்னல்ல மழை, டேபிள்ல பாட்டில், திருப்புற பக்கமெல்லாம் இதே தான். சிகாகோவுல நடக்குற கதைன்னா செட் ஆகும். ராயபுரத்துல ஒரு வீட்ல சாவு விழுந்தா எவன்டா தனியா விடுவான்? ஐஸ் பெட்டி வந்துரும், தெருவ அடைச்சு ஷாமியானா, சேர், டீ கேனு, ராத்திரி பூரா மரண கானா, செத்தவங்க பேர வச்சே பாட்டு கட்டி பாடுவாங்க, விடிஞ்சா மேளம், பட்டாசு, ரோடெல்லாம் பூ. அவனுக்கு அழறதுக்கு ஒரு மூலை கிடைக்காது. எல்லாம் முடிஞ்சு கதவ சாத்துனா எதிர்வீட்டு அக்கா டிபன் கேரியரோட வந்து தட்டும், திறக்குற வரைக்கும் தட்டும். இங்க துக்கத்துல இருக்கறவனுக்கு அஞ்சு நிமிஷம் தனியா இருக்க கிடைச்சாலே பெரிய விஷயம், அந்த மூச்சு முட்டல வரைடா, அது யாரும் வரையல.

அப்புறம் அந்த கண்ணீர் அஞ்சலி பேனர். தெருமுனைல கட்டியிருக்கறத ஒரே ஒரு ஃபிரேம்ல காட்டிட்டு விட்டுட்ட, எனக்கு அது தான் ஆறல. அவன் டெய்லி டியூட்டிக்கு போறது அந்த வழி தானே? வெயில்ல வெளுத்துப் போவும், ஒரு பக்கம் கயிறு அறுந்து தொங்கும், திடீர்னு ஒரு நாள் காணாம போவும், அப்புறம் எவனோட தள்ளுவண்டி மேலயோ கூரையா கிடக்கும். ஒரு வசனம் வேணாம் இதுக்கு.

நானெல்லாம் ரிப் கெர்பி துப்பறியும் காமிக்ஸ் படிச்சு வளந்த ஆளு. அலெக்ஸ் ரேமண்ட் 1946-ல ஆரம்பிச்சது, நம்ம ஆளுங்களுக்கு முத்து காமிக்ஸ் மூலமா வந்து சேந்தாரு. கண்ணாடி, பைப்பு, வீட்ல டெஸ்மாண்ட்னு ஒரு பட்லர், என்ன நடந்தாலும் மனுஷன் சட்டை கசங்காது. அந்த மாதிரி ஆளுங்கள பாத்து அலுத்துப் போய் தான் நீ அழுக்கா ஒருத்தன வரையிற, புரியுது, ஆனா தாடியும் பாட்டிலும் மட்டும் வச்சா அதுவும் ஒரு யூனிஃபார்ம் மாதிரி ஆயிடுது.

கேஸ் விஷயம் ஒண்ணு. சொந்த பொண்டாட்டி கொலைய அவன் கைலயே குடுக்க மாட்டாங்க, அவனும் விசாரிக்கப்படுற ஆள்ல ஒருத்தன். ஸ்டான்லி மார்ச்சுவரி வாசல்ல எல்லாரையும் போல அவனும் நிக்கணும், வேற ஸ்டேஷன் ஏட்டு கூப்பிடுற வரைக்கும் பெஞ்சுல உக்காரணும். இருபது வருஷம் ஜனங்கள உக்கார வச்ச அதே மாதிரி பெஞ்சு. நீ இத ஒரு வசன பலூன்ல சொல்லிட்டு அவன ஜீப்ல ஏத்தி விட்டுட்ட. (அந்த ஃபைல்ல 174-னு போட்டிருக்க, அது சந்தேக மரணத்துக்கு பழைய சட்டத்துல இருந்த பிரிவு, கதை நடக்குறது 2025, அதனால இப்போ புது சட்டமான பிஎன்எஸ்எஸ்ல 194, 2024 ஜூலை 1-லருந்து மாறிடுச்சு. பழக்கத்துல வாயில 174-னு சொன்னா ஓகே, பேப்பர்ல வேணாம்.)

மழையையும் எடுத்துடு. கதை மே மாசம்னு நீயே தேதி போட்டிருக்க. ஏப்ரல் 15-லருந்து ஜூன் 14 வரைக்கும் மீன்பிடி தடைக்காலம், விசைப்படகு ஒண்ணும் கடலுக்குப் போவாது, ஹார்பர்ல ஒன்னோட ஒன்னு ஒட்டி நிக்கும், ஆளுங்க வலை பின்னிட்டு கடுப்புல உக்காந்திருப்பாங்க. இந்த புழுக்கத்த விட்டுட்டு மழை எதுக்கு? எண்ணூர் சீனுக்கும் இவ்ளோ கறுப்பு மை வேணாம், அங்க இலை மேல படியுற அனல் மின் நிலைய சாம்பலே ஒரு கலரு, வெறும் கிரே வாஷ் போதும்.

இன்ஃபார்மர டாஸ்மாக்ல வைக்காம கேரம் கிளப்ல வையேன். நம்ம ஏரியா கேரம் பொண்ணு காசிமா 2024-ல அமெரிக்கா போய் உலகப் போட்டில தங்கம் வாங்குன பிறகும் வடசென்னைன்னா அருவான்னே எல்லாரும் வரையிறாங்க, நீயுமா? விரல்ல பவுடரோட, போர்ட விட்டு கண்ண எடுக்காம ஒருத்தன் துப்பு சொல்றான், சும்மா நினைச்சுப் பாரு.

இப்போ எனக்குப் புடிச்சது. கேஸ் சிலிண்டர் வர்ற பக்கம். கனெக்‌ஷன் செத்துப்போன பொண்டாட்டி பேர்ல, ஓடிபி அவங்க நம்பருக்கு வருது, அதனால செத்தவங்க ஃபோனுக்கு அவன் ரீசார்ஜ் போட்டு சார்ஜ்ல வச்சிருக்கான், டெலிவரி பையன் வாசல்ல நின்னு "நம்பர் சொல்லு சார்"னு கத்துறான். ஏன்டா இத நாலே கட்டத்துல முடிச்ச? ரெண்டு பக்கம் எடுத்துக்கோ. அதே ஃபோன்ல தான் கொலைகாரனோட மிஸ்டு கால் வரணும், முப்பது பக்கம் தள்ளி நீ வச்சிருக்கற டைரி எல்லாம் பழைய டெக்னிக்.

எழுத்து மட்டும் ஃபான்ட் போடாம கைலயே எழுது, பலூன் பத்தலன்னா வசனத்த வெட்டு. திருத்துன முதல் பன்னெண்டு பக்கத்த அனுப்பு, பிரிண்டுக்கு யாருகிட்ட பேசலாம்னு அப்புறம் பாப்போம்.

இப்படிக்கு
வண்ணாரப்பேட்டை அண்ணன்