பழைய செய்தி மடல்களைக் கழித்துக்கட்டும் முன்: அருங்கொடைச் சமூகங்களின் பணிக்குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

ஆண்டவரில் அன்பார்ந்த பணிக்குழுவினருக்கு,

ஆண்டவருக்குப் புகழ்!

1967 பிப்ரவரியில் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரின் டுக்கேன் பல்கலைக்கழக மாணவர்கள் மேற்கொண்ட தியானத்தில், தூய ஆவியின் கொடைகளை வலியுறுத்தும் கத்தோலிக்க அருங்கொடை (கரிஸ்மாட்டிக்) இயக்கம் தொடங்கியது. அதை அடுத்து எழுந்த செபக்குழுக்கள் பலவும் பொன்விழாவைத் தொட்டுவிட்டன. விழா மலருக்காகப் பழைய செய்தி மடல்களின் கட்டுகளைப் பிரிக்கிறார்கள். நல்ல படங்களையும் நாலைந்து சாட்சியங்களையும் எடுத்துக்கொண்டு மீதியைக் குப்பையில் போட்டுவிடுகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். பன்னாட்டு மாநாட்டு அறிக்கைகள் நூலகங்களில் கிடைக்கும். உங்கள் குழு அந்த வாரம் எதற்காக மன்றாடியது, புதியவர்களுக்கான ஆவியில் வாழ்வு கருத்தரங்கின் ஏழு வாரங்களில் யார் எதைப் போதித்தார்கள் என்பதெல்லாம் உங்கள் மடலில் மட்டும்தான் இருக்கும்.

முதலில் காகிதத்தைக் காப்பாற்றுங்கள். ஊதா மையில் நகலெடுத்த தாள்கள் இருந்தால் அவற்றையே முதலில் ஸ்கேன் செய்யுங்கள். அந்தச் சாயம் வெளிச்சம் பட்டால் வெளிறிவிடும். சைக்ளோஸ்டைல் மை நிற்கும், ஆனால் அதன் மலிவான தாளில் அமிலம் உண்டு. பழுத்து, மடிப்பில் ஒடியும். துருப்பிடித்த ஸ்டேப்ளர் பின்னைப் பிடுங்கினால் தாளும் கூடவே கிழியும். பின்பக்கத்தில் அதன் இரு கால்களையும் மெல்லிய தகட்டால் நிமிர்த்திவிட்டு, பிறகு முன்பக்கமாக உருவுங்கள். கிழிசலுக்கு செல்லோடேப் ஒட்ட வேண்டாம். அதன் பசை சில ஆண்டுகளில் பழுப்பாகித் தாளுக்குள் இறங்கிவிடும். லேமினேஷன் அதைவிட மோசம், திரும்ப எடுக்கவே முடியாது. பி.வி.சி. உறையில் வைத்தால் ஜெராக்ஸ் எழுத்துகள் உறையில் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். பாலியெஸ்டர் உறையோ அமிலமற்ற காகித உறையோ போதும்.

ஸ்கேனிங்கைக் கறுப்பு வெள்ளையில் முடித்துவிட வேண்டாம். 400 டி.பி.ஐ. (அங்குலத்துக்கு 400 புள்ளி), வண்ணத்தில், டிஃப் (TIFF) கோப்பாக எடுங்கள். மறுபக்க எழுத்து ஊடுருவித் தெரிந்தால் தாளுக்குப் பின்னால் ஒரு கறுப்புத் தாளை வையுங்கள். கோப்புப் பெயரில் ஆண்டு, மாதம், பக்கம் என்ற வரிசை மாறக்கூடாது. மூன்று பிரதிகள் வேண்டும். அவற்றில் ஒன்றாவது வேறொரு கட்டடத்தில் இருக்கட்டும்.

தேதியில்லாத இதழ்கள்தான் பெரும் தலைவலி. இதற்குத் திருவிழா நாள்கள் கைகொடுக்கும். தூய ஆவி இறங்கிய பெந்தகோஸ்து விழாவின் தேதி ஈஸ்டரைப் பொறுத்து ஆண்டுதோறும் மாறும். 'மே 18 பெந்தகோஸ்து' என்று ஓர் இதழ் சொன்னால் அது 1975, 1986, 1997 ஆகிய மூன்று ஆண்டுகளில் ஒன்று. திருத்தந்தை ஆறாம் பவுலுக்காக மன்றாட்டு இருந்தால் 1975தான். அந்தப் பெந்தகோஸ்துவை ஒட்டித்தான் அவர் ரோமில் அருங்கொடை மாநாட்டினரைச் சந்தித்தார். இரண்டாம் ஜான் பால் பெயர் இருந்தால் மற்ற இரண்டில் ஒன்று. அச்சு முறையைப் பார்த்து முடிவு செய்யலாம். இயக்கத்தின் பன்னாட்டு அலுவலகத்தின் முகவரியும் உதவும்: 1976 முதல் 1981 வரை அது பிரஸ்ஸல்ஸில் இருந்தது, பிறகு ரோமுக்குப் போனது. ஊகித்த தேதியை எப்போதும் சதுர அடைப்புக்குள் எழுதுங்கள். இல்லாவிட்டால் அடுத்தவர் அதை அச்சான தேதி என்றே நம்பிவிடுவார்.

இனிச் சொல்வது இதுவரை சொன்னதைவிட முக்கியம். செபக்கூட்டங்களில் சொல்லப்பட்டு நிறைவேறாத இறைவாக்குகளையும், தலைமைக்குக் கீழ்ப்படிவது பற்றி இன்று நாம் அப்படியே ஏற்காத போதனைகளையும் நீக்கிவிட்டுத் தொகுக்கும் ஆசை வரும். வேண்டாம். இறைவாக்குகளைப் புறக்கணிக்காமல் அனைத்தையும் சீர்தூக்கிப் பார்க்கும்படி தெசலோனிக்கருக்கு எழுதினார் பவுல். எந்த நாளில், எந்தக் கூட்டத்தில் சொல்லப்பட்டது என்ற பதிவே இல்லாமல் எதைச் சீர்தூக்குவது? பின்னாளில் சமூகம் தன்னைத் திருத்திக்கொண்டிருந்தால் அந்த முடிவையும் தேதியோடு பக்கத்திலேயே வையுங்கள்.

சாட்சியங்களின் கதை வேறு. குடிநோய், மணமுறிவு, மனநோய் என்று பெயரோடு எழுதியவர்கள் தங்கள் செபக்குழுவை நம்பி எழுதினார்கள். உலகமே தேடிப் படிக்கும் என்று எண்ணியிருக்க மாட்டார்கள். முழுப் பிரதி காப்பகத்தில் மட்டும் இருக்கட்டும். இணையத்தில் ஏற்றும் பிரதியில் உயிரோடிருப்பவர்களின் எழுத்துமூல ஒப்புதல் இல்லாத பகுதிகளை மறையுங்கள். பி.டி.எஃப். மேல் கறுப்புப் பட்டை மட்டும் வைத்தால் அடியிலுள்ள எழுத்தை யாரும் நகலெடுத்துப் படித்துவிட முடியும். படக்கோப்பிலேயே அந்த இடத்தை அழித்து, அதிலிருந்து புதிய பி.டி.எஃப். உருவாக்குங்கள். கேட்டவுடன் நீக்கித்தரும் பொறுப்பாளர் ஒருவரின் பெயரையும் அதில் குறிப்பிடுங்கள்.

வெறும் முதலெழுத்தில் கையொப்பமிட்டவர்கள் யார் யார் என்று மூத்த உறுப்பினர்களிடம் இந்த ஆண்டே கேட்டுக் குறித்துவையுங்கள்.

கிறிஸ்துவின் அன்பில்,
பழைய மடல்களைத் தொகுக்கும் தொண்டர்கள்